கடைசி இரண்டு எண்கள்

டோஃபுக் கடையின் ஃபேக்ஸ் எண்
எழுபத்தொன்றில் முடியும்.
என் பூக்கடையுடையது பதினேழில்.
இவாக்கி மலையடியில், முதியோர் இல்லத்துச் சமையலறையில்
பதினோரு வருடங்களுக்கு முன் யாரோ
அவசரத்தில் மாற்றி அழுத்தி
அதையே ஒற்றைப் பொத்தானில் சேமித்தும் விட்டார்கள்.

ஆகவே வியாழன்தோறும் காலை ஏழேகாலுக்கு
நான் ரோஜா முள் சீவிக்கொண்டிருக்கையில்
மேசைக்கடியில் அது ஒருமுறை கனைக்கும்.
பிறகு மெல்ல நாக்கை நீட்டும்:

கெட்டி டோஃபு நாற்பத்தொன்று.
பொரித்தது இருபது.
மெல்ல முடியாதவர்களுக்குப் பட்டு டோஃபு, ஆறு.
கீழே சாய்ந்த எழுத்தில் 'ஃபுக்குஷி, சமையல்'.
சில வாரம் ஓரத்தில் 'பனி' என்று மட்டும்.

முதல் வாரமே சொல்லியிருக்கலாம்.
சொல்லத்தான் ரிசீவரை எடுத்தேன்.
அன்று இடுப்பளவுப் பனி,
மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை,
நாற்பத்தொரு பேருக்கு மதியச் சாப்பாடு.
தாளைத் திருப்பிச் செருகி
சரியான எண்ணுக்கு நானே அனுப்பினேன்.
அடுத்த வாரமும்.

டோஃபுக்கார மிகாமி ஒன்றும் கேட்கவில்லை.
தாளின் தலையில் என் கடைப்பெயர்
அச்சாகிப் போயிருக்கும்.
பூக்கடைக்கு எதற்கம்மா இத்தனை டோஃபு என்று
ஒரு மனிதர் கேட்கமாட்டாரா?
எங்கள் ஊர் அப்படி.
வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும்.

இரண்டாம் குளிர்காலத்தில்தான் கவனித்தேன்.
நாற்பத்தொன்று நாற்பதாகிற வாரம்
வெள்ளியோ சனியோ
வெள்ளைச் சாமந்தி வளையம் கேட்டு ஆள் வரும்.
பட்டு டோஃபு ஆறு ஐந்தானால்
பெரும்பாலும் வரும்.

அதற்குமேல் நான் ஏன் அவர்களைக் கூப்பிடவில்லை என்று
என்னிடம் கேட்காதீர்கள்.
ஏழரைக்கெல்லாம் மொத்தச் சந்தைக்கு எழுதிவிடுவேன்:
வெள்ளைச் சாமந்தி, அறுபது தண்டு.
ரயிலடிக் கடைக்காரர் ஞாயிறுவரை திணறுவார்,
என் வாளிகள் ததும்பும்.
துக்க வீட்டார் குனிந்து
'இவ்வளவு சீக்கிரமாக எப்படி' என்பார்கள்.
நானும் குனிவேன்,
அவர்களைவிட இரண்டு விரற்கடை ஆழமாக.

ஒருமுறை ஏமாந்தேன்.
நாற்பது முப்பத்தொன்பதானது,
சனி போய் ஞாயிறு போய் செவ்வாயும் போய்
அறுபது தண்டும் வாளியிலேயே பழுத்தன.
யாரோ ஒரு கிழவர், பிறகு தெரிந்தது,
இனி டோஃபுவே வேண்டாமென்று தட்டைத் தள்ளிவிட்டாராம்.
வாய்விட்டுச் சிரித்தேன்,
கடையில் தனியாக, நஷ்டத்தோடு.

இந்த ஏப்ரலில் கடைசித் தாள் வந்தது.
கையெழுத்து கிடையாது, அச்சு.
அடுத்த மாதம் முதல் ஆர்டர்கள் செயலி வழியே,
இத்தனை ஆண்டு ஒத்துழைப்புக்கு நன்றி.
நன்றி எனக்கல்ல. எழுபத்தொன்றுக்கு அனுப்பிவைத்தேன்.

ஃபேக்ஸைக் கழிவு வண்டியில் ஏற்ற
நகராட்சி வில்லை ஒட்ட வேண்டியிருந்தது,
அறுநூறு யென்.
மேசைக்கடியில் சதுரமாய்த் தூசியில்லாத இடம்.
அங்கே உரமூட்டை வைத்தேன்.

செயலியில் கை தவற வழியே இல்லையாம்.
படத்தைத் தொட்டால் போதும்,
போகவேண்டிய கடைக்கே போய்ச் சேரும்.
மே மாதம் இரண்டு வளையங்களுக்கு
எல்லோரையும் போல நானும் திணறினேன்.
ஒன்றில் பாதிக்குக் கார்னேஷன் செருகினேன்,
மகன்காரர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

போன வியாழன், ஏழேகால்.
கதவு மணி.
மிகாமி நின்றார், ரப்பர் பூட்ஸில் சோயா நுரை.
பதினோரு வருடத்தில் முதன்முறையாக என் கடைக்குள்.
ரோஜாவைப் பார்த்தார், விலைச்சீட்டைப் பார்த்தார்,
காலி வாளிகளைப் பார்த்தார்.
'பட்டு, ஐந்து' என்றார்.
மணி மறுபடி அடித்தது, போய்விட்டார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
குழாயைத் திறந்து
முதல் வாளியை அடியில் வைத்தேன்.